எபிரேயப் புள்ளிகள் தெளிவாயின

ஏற்காட்டில் இரண்டு நாளாக மூடுபனி விலகவில்லை. வெளியே செல்ல இயலாத இந்த நேரத்தில், கணினியிலுள்ள வேதாகம ஆய்வு மென்பொருளின் அமைப்புகளைச் சீர்செய்து முடித்தேன். தமிழுக்கும் எபிரேயத்துக்கும் ஒரே எழுத்தளவை வைத்திருந்ததே இத்தனை நாள் என் கண்களை வருத்தியது. எபிரேயத்தில் ஷின் என்னும் எழுத்தின் தலையில் புள்ளி வலப்பக்கம் இருந்தால் 'ஷ', இடப்பக்கம் இருந்தால் 'ஸ'. 12 அளவில் அந்தப் புள்ளி தூசியைப் போலத்தான் தெரிகிறது. ஆகவே எபிரேயத்துக்கு மட்டும் எஸ்.பி.எல். ஹீப்ரு எழுத்துருவை 20 அளவில் வைத்து, மசோரேத்தியர் (வேதாகமப் பிரதியைப் பேணிய பழங்கால யூத அறிஞர்கள்) இட்ட உயிர்க்குறிகளை அப்படியே விட்டு, ஓதும் முறையைக் காட்டும் இசைக்குறிகளை மட்டும் மறைத்தேன். (வசனம் எங்கே பிரிகிறது என்பதையும் அவை காட்டுகின்றன, கண் பழகியபின் மீண்டும் தெரியச் செய்வேன்.)

புதிய ஏற்பாட்டின் மூல மொழியான கிரேக்கத்தில் மூச்சுக்குறியைக் கவனியுங்கள். சொல்லின் தொடக்க உயிரெழுத்தின் மேல் இடும் சிறு வளைவு அது; அது திரும்பியிருக்கும் பக்கமே 'ஹ' ஒலி உண்டா இல்லையா என்று காட்டும். 'என்' என்றால் 'உள்ளே'. 'ஹென்' என்றால் 'ஒன்று'. எழுத்துகள் இரண்டிலும் அவையே. யோவான் 10:30-ஐ ('நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்') வாசிக்கும்போது அந்தச் சிறு வளைவைத் தவறவிட்டால் பொருளே மாறிவிடும் என்பதால், கிரேக்கத்தின் அளவையும் 18 ஆக உயர்த்தினேன்.

நேற்றிரவு ஆதியாகமத்தின் முதல் வசனத்தை, வலமிருந்து இடமாக, ஓரிடத்திலும் தடுமாறாமல் வாசித்தேன்.