இடுப்பெலும்பு முறிவும் சர்க்கரை நோயும்: ஒரு பயணக் காப்பீட்டு அனுபவம்

வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது என்பதற்காக எங்கள் காப்பீட்டுக் கோரிக்கையை நிராகரித்தார்கள். பணம் கிடைத்துவிட்ட பிறகும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

நானும் கணவரும் சுவிட்சர்லாந்து புறப்பட இருந்தோம். டிக்கெட், ஹோட்டல், விசா எல்லாம் முடிந்திருந்த நேரத்தில் என் மாமியார் குளியலறையில் விழுந்துவிட்டார். உடனே அறுவை சிகிச்சை. அவரை அப்படியே விட்டுவிட்டு யார் கிளம்புவது? எங்கள் பாலிசியில், உடன் பயணம் செய்யாத பெற்றோரோ மாமனார், மாமியாரோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால்கூடப் பயண ரத்துச் செலவு உண்டு என்று தெளிவாக இருந்தது. அதை நம்பித்தான் ரத்து செய்தோம்.

விண்ணப்பித்ததும் ஆவணங்களைத் தவணை முறையில் கேட்டார்கள். ஒன்றை அனுப்பினால் அடுத்ததைக் கேட்டு மின்னஞ்சல் வரும். அதில் அதிகம் இழுத்தடித்தது, டிக்கெட் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது, எவ்வளவு கழிக்கப்பட்டது என்று விமான நிறுவனம் தர வேண்டிய கடிதம். டிராவல் ஏஜென்ட் கொடுத்த ரசீதை அவர்கள் ஏற்கவில்லை. நீங்கள் ரத்து செய்தால் அன்றே அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இந்திய விமான நிறுவனமென்றால், டிக்கெட் கட்டணம் திரும்பாவிட்டாலும் அதிலுள்ள வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அதையும் கேளுங்கள்.

எல்லாம் கொடுத்த பிறகுதான் நிராகரிப்பு வந்தது. அதுவும் தொலைபேசியில், "முன்பே இருந்த நோய், மேடம், கிடைக்காது" என்று அவசரமாக. எந்த விதியின்படி என்பதை எழுத்தில் தாருங்கள் என்று விடாமல் கேட்டோம். கடிதம் வந்த பிறகே விஷயம் புரிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில், பழைய நோய்கள் என்ற இடத்தில், 'பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்' என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே, சேர்க்கப்பட்ட காரணம், 'வீட்டில் வழுக்கி விழுந்ததால் இடுப்பெலும்பு முறிவு' என்று இருந்தது. மேல் வரியைப் படித்தவர்கள் கீழ் வரியைப் படிக்கவில்லை.

அறுவை சிகிச்சை செய்த எலும்பு மருத்துவரிடம் போனோம். முறிவுக்குக் காரணம் விழுந்த அடிதான், சர்க்கரை நோய் அல்ல என்று தம் லெட்டர்ஹெட்டில் எழுதி, பதிவு எண்ணோடு முத்திரை வைத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். அதை இணைத்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பினோம். வழக்கமான ஒரு பதில்தான் வந்தது. அதன் பிறகு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்தோம். 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். நிராகரிப்புக் கடிதம், சம்மரி, மருத்துவர் சான்று மூன்றையும் ஏற்றினோம். அதுவரை எங்களை அலைக்கழித்தவர்கள் தாங்களாகவே அழைத்து, கோப்பை மறுபரிசீலனை செய்வதாகச் சொன்னார்கள்.

அதிலும் நடக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்) போகத் தயாராக இருந்தோம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் நம் புகாரை நிராகரித்த பிறகோ, அதற்கு ஒரு மாதம் பதில் சொல்லாவிட்டாலோ அங்கே போகலாம். ஆனால் நிராகரிப்பு வந்து ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அவர் உத்தரவிடலாம். அதை நிறுவனம் ஏற்றே ஆக வேண்டும்.

எங்களுக்கு அது தேவைப்படவில்லை. டிக்கெட்டுக்கும் ஹோட்டலுக்கும் உரிய தொகை, பாலிசியில் சொன்ன கழிவு போக, வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. ஆளுக்கு 90 யூரோ விசா கட்டணம் மட்டும் வரவில்லை. எங்கள் பாலிசியில் அதற்கு இடமில்லை. அத்தை இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். குளியலறையில் கைப்பிடி பொருத்தியாகிவிட்டது.