ரசத்தில் தண்ணீர் கூடிப்போன கதை

சித்திரை வெயிலில் அப்பா என்னைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். நடை தள்ளாடியது, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். உடம்பு வறண்டுவிட்டது என்று அம்மா இளநீர், மோர், நீராகாரம் என்று மணிக்கொரு தரம் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க மயக்கம்தான் கூடியது.

ரத்தத்தில் சோடியம் 121. குறைந்தது 135 இருக்க வேண்டுமாம். "உப்பு குறைஞ்சிருக்கு, இந்த வயசுல வர்றதுதான்" என்று இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஒரே வாரத்தில் 112, கூடவே வலிப்பு.

அடுத்த மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டது சிறுநீர்ப் பரிசோதனை. அப்புறம், "பீடி உண்டா?" நாற்பது வருடமாக உண்டு. சிடி ஸ்கேனில் நுரையீரலில் கட்டி; பயாப்சியில் ஸ்மால் செல் புற்றுநோய். சிறுநீரைக் குறைக்கச் சொல்லி மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்ப வேண்டிய ஏடிஎச் ஹார்மோனை, அந்தக் கட்டியே கணக்கில்லாமல் சுரந்துகொண்டிருந்தது. குடித்த தண்ணீரைச் சிறுநீரகம் வெளியே விடவில்லை. "உப்புப் போட்ட ரசத்துல தண்ணி கூடிப்போச்சும்மா" என்று டாக்டர் சொன்னதும்தான் அம்மாவுக்குப் புரிந்தது. இளநீரை நினைத்து அன்று முழுக்க அழுதாள்.

ஐசியுவில் 3 சதவீத உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். சில மணிக்கொருமுறை ரத்தம் எடுத்தார்கள். சீக்கிரம் ஏற்றக் கூடாதா என்று நான் சண்டைக்கே போனேன். ஒரு நாளில் சோடியம் 8, 10 புள்ளிக்கு மேல் ஏறினால் மூளை நரம்புகளின் உறை கெட்டு, கை கால் விழுந்துவிடலாம் என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபின்தான் நிஜமான பாடு. ஒரு நாளைக்குக் குடிக்க 800 மில்லிதான், அதுவும் காபி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து! மே மாதத்தில் இதைக் கடைப்பிடிக்கச் சொன்னவர்கள் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைப்போம். அப்பா எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரை அதிலிருந்து கீழே ஊற்றிவிடுவோம். ஒரு நாள் விடியற்காலையில் குளியலறைக் குழாயில் வாய் வைத்தபடி பிடிபட்டார். திட்ட மனசு வரவில்லை. நாக்கு நனைய ஐஸ் துண்டு கொடுத்தேன், அதையும் கணக்கில் எழுதிவிட்டு.

கட்டுப்பாடு போதாத நாட்களில் டோல்வாப்டான் மாத்திரை; ஏடிஎச்சைத் தடுத்து, தேங்கிய தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றும். விலையைக் கேட்டு மலைத்தோம். ஆனால் அது கொடுக்கும் நாளில் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம் என்பதால் அப்பாவுக்கு அதுதான் தீபாவளி.

மூல காரணத்தைச் சரிசெய்தது கீமோதான். கார்போபிளாட்டின், எடோபோசைடு. இரண்டாவது சுற்று முடிந்தபோது மாத்திரை இல்லாமலேயே சோடியம் 134. அன்று சாயங்காலம் அம்மா சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து வைத்தாள். அப்பா என்னைப் பார்த்தார். குடிங்க என்றேன்.