மொசில்லாக்காரரிட்ட எங்கட ஒபிஸ் எடுத்த பழக்கம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில இருக்கிற எங்கட சொஃப்ட்வெயர் ஒபிஸுக்குப் புதுசா வாற பெடியள் எல்லாரும் கேக்கிற ஒண்டு, "அண்ணை, இந்தப் பழைய கோட எறிஞ்சுபோட்டு முதல்ல இருந்து எழுதுவமே?" எண்டதுதான். அப்ப நான் மொசில்லாக்காரரிண்ட ஃபயர்ஃபொக்ஸ் பிரவுசர் வந்த கதையச் சொல்லத் தொடங்கிடுவன்.

மைக்ரோசொஃப்ட் தன்ர பிரவுசர் எக்ஸ்புளோரர விண்டோஸோட சும்மா குடுக்க, போட்டிக்கு பிரவுசர் செய்த நெட்ஸ்கேப் கொம்பனி நெருக்குப்பட்டு 1998 மார்ச் 31 தன்ர பிரவுசரிண்ட கோட எல்லாருக்கும் திறந்து விட்டது, அந்தத் திறந்த வேலைக்குத்தான் மொசில்லா எண்டு பேர். அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தால தகவல மறைச்சு அனுப்புற குறியாக்கப் பகுதிய வெட்டிப்போட்டுத்தான் விட்டவை. அந்த ஒக்டோபரிலயே வெப் பக்கத்த வரைஞ்சு காட்டுற பழைய எஞ்சின் வேண்டாம், கெக்கோ எண்ட புது எஞ்சின வச்சு முழுசாத் திரும்ப எழுதுவம் எண்டு முடிவெடுத்தினம், மொசில்லா 1.0 கையில கிடைக்க 2002 ஜூன் ஆயிட்டு. நடுவில 2000 நவம்பரில அரைவேக்காட்டுக் கோட வச்சு நெட்ஸ்கேப் 6 எண்டு ஒண்ட விட்டு இருந்த பேரையும் கெடுத்தினம், அதுக்குள்ள எக்ஸ்புளோரர் 90 வீதத்துக்கு மேல பிடிச்சிட்டுது.

கன பேர் கதைய இதோட நிப்பாட்டி, திரும்ப எழுதினா அழிவு எண்டு சொல்லிப்போடுவினம். நான் அதை ஏற்கமாட்டன். அந்தக் கெக்கோ இல்லாட்டி டேவ் ஹயட், பிளேக் ரொஸ் எண்ட மொசில்லா ஆக்கள், மொசில்லாவோட சேந்திருந்த மெயில், எடிட்டர் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு பிரவுசர மட்டும் 2002 செப்டெம்பரில ஃபீனிக்ஸ் 0.1 எண்டு விட்டிருக்கேலாது. அதுதான் பேர்ச் சிக்கலில ஃபயர்பேர்ட் ஆகி, பிறகு ஃபயர்ஃபொக்ஸ் ஆகி, 2004 நவம்பர் 9 அண்டு 1.0 எண்டு வந்தது.

எனக்குப் பெரிசாத் தெரியிறது அந்த இடைப்பட்ட வருசங்களில அவையள் வேலை செய்த விதம். டின்டர்பொக்ஸ் எண்டு ஒண்டு வச்சிருந்தவை, மெசினுகள் ஓயாமக் கோட எடுத்து ஓடக்கூடிய புரோகிராமா பில்ட் பண்ணிக்கொண்டே இருக்கும், சரியெண்டா பச்சை, டெஸ்ட் விழுந்தாச் செம்மஞ்சள், பில்டே உடைஞ்சாச் சிவப்பு, பக்கத்தில அந்த நேரம் கோட் போட்ட ஆக்களிண்ட பேரும் நிக்கும், சிவப்பு விழுந்தா ஷெரிஃப் எண்டு அண்டைக்குப் பொறுப்பா நிக்கிறவர் வேற ஆரும் கோட் போடேலாமப் பூட்டிப்போடுவார். பிழையள் எல்லாம் பக்சில்லா எண்ட பிழைப் பதிவில, பாதுகாப்புப் பிழையளத் தவிர மற்றதுகள ஊருலகம் வாசிக்கலாம்.

நாங்களும் வாசல் கதவுக்கு மேல பழைய மொனிட்டர் ஒண்டக் கொழுவி அப்பிடியே செய்தம். ஒருநாள் பின்னேரம் புதுசாச் சேந்த தங்கச்சியிண்ட பேர் சிவப்புக்குப் பக்கத்தில வந்திட்டு, பருத்தித்துறை பஸ்ஸுக்கு நேரமாகுது, பிள்ளைக்குக் கண் கலங்கிட்டு. எங்கட மூத்தவர் கதிரைய இழுத்துப் பக்கத்தில இருந்து பாத்தா, கடைக்காசுப் பில்லில திகதி வெறுமையா வந்தா கோட் விழுகிற இடம், திருத்த மூண்டு வரிதான். பிழை ஆரிட்ட எண்டு தெரியிறது ஏசுறதுக்கில்ல, பக்கத்தில போய் இருக்கிறதுக்கு எண்டு அண்டைக்கு எல்லாருக்கும் விளங்கிச்சு.

இப்ப ஆராவது திரும்ப எழுதுவம் எண்டு கேட்டா, பழசு ஓடிக்கொண்டிருக்கேக்க புதுசையும் ஒவ்வொரு நாளும் பச்சையில வச்சிருக்க ஆள் இருக்கோ எண்டு கேப்பன். பில்லிங் பகுதிக்கு ரெண்டு பேர் ஓமெண்டினம், அந்தப் பகுதிய மட்டும் போன மாசம் தொடங்கியிருக்கிறம்.