ஃபியூஸ் போகும், வேறொன்றும் ஆகாது

“இந்த மோட்டார் எப்பவாவது பாடியில பட்டா என்ன ஆகும்?” என்று லாரியின் சொந்தக்காரர் கேட்டபோது நான் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, வைப்பர் மோட்டாரின் கடைசி ரப்பர் புஷ்ஷை இறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமலேயே, “ஃபியூஸ் போகும் சார், வேற ஒண்ணும் ஆகாது” என்றேன். அந்தப் பதிலில் பொய் இல்லை. இருந்தும் அதை இன்றுவரை எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அது பாசிட்டிவ் எர்த் லாரி. 1960களுக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றைப் போல, பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் அதன் சேசிஸில் இணைந்திருந்தது. பழைய வைப்பர் மோட்டாருக்கு எந்த எர்த் என்பது ஒரு பொருட்டே இல்லை. அதில் நிரந்தரக் காந்தத்துக்குப் பதிலாக, மின்சாரத்தால் காந்தமாகும் ஃபீல்டு காயில் இருந்ததால், முனைகளை மாற்றிக் கொடுத்தாலும் ஃபீல்டும், சுழலும் பகுதியான ஆர்மேச்சரும் சேர்ந்தே மாறிவிடும், சுற்றும் திசை மாறாது. அதன் ஆர்மேச்சர் கருகிப் போய், நிரந்தரக் காந்தம் வைத்த புதிய மோட்டார் வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. காந்தம் மாறாது, ஆகவே முனை மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் வார்ம் கியரின் தள்ளுவிசை, அதைத் தாங்க வைத்த திருகுக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். வைப்பர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் என்றும் நம்ப முடியாது. முனையை மாற்றாமல் பொருத்தலாம் என்றால், அந்த மோட்டாரின் நெகட்டிவ் கார்பன் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) அதன் உலோகக் கூட்டோடு இணைந்திருக்கிறது. கூட்டைப் பாடியில் முடுக்கினால் நேரடி ஷார்ட்.

வண்டி முழுவதையும் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிடலாம் என்று முதலிலேயே சொன்னேன். பேட்டரி வயர்களை மாற்றி, டைனமோவின் ஃபீல்டுக்கு ஒரு நொடி மின்சாரம் கொடுத்து அதன் முனையைத் திருப்பி, அம்மீட்டரிலும் இக்னிஷன் காயிலிலும் இணைப்புகளை இடம் மாற்றினால் முடிகிற வேலை அது. “எங்க அப்பா ஓட்டுன மாதிரியே இருக்கட்டும்” என்று அவர் மறுத்தார். அந்த மறுப்பில் ஒரு மரியாதை இருந்தது, நான் வற்புறுத்தவில்லை. மோட்டாரைப் பிரித்து, நெகட்டிவ் கார்பனின் வயரைக் கூட்டிலிருந்து கழற்றித் தனியே வெளியே எடுப்பது இன்னொரு வழி. ஆனால் வைப்பரை அதன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் பார்க் ஸ்விட்ச்சின் எர்த்தும் கூட்டின் வழியாகத்தான் போகிறது, அதையும் பிரித்தாக வேண்டும். புது மோட்டாரைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. மனம் வரவில்லை என்று எழுதுகிறேன். அது அலுப்பாகவும் இருந்திருக்கலாம்.

ஆகவே கூட்டையே பாடியிலிருந்து பிரித்தேன். போல்ட்டுகளைச் சுற்றி ரப்பர், கூட்டுக்குத் தனி நெகட்டிவ் வயர், அதில் 10 ஆம்பியர் ஃபியூஸ். மோட்டார் சுற்றும் கையான கிராங்க், வைப்பரை ஆட்டும் லிங்க் கம்பியோடு சேரும் இடத்தில் ஒரு நைலான் புஷ் இருந்தது. லிங்க் கம்பி வைப்பர் தண்டு வழியாகப் பாடியைத் தொடுகிறது, கிராங்கோ கூட்டின் மின்சாரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அந்த நைலான் மட்டும்தான். மீட்டரில் சோதித்தேன், தொடர்பு இல்லை. அரை மணி நேரம் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றியபடியே ஓட்டிப் பார்த்தேன். 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கவில்லை.

சில மாதம் கழித்து, இரவில், கனமழையில், வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. அவர் தலையை வெளியே நீட்டி, சாலையோரக் கோட்டைப் பார்த்தபடி வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தேன்: ஒரு பக்கம் காகிதம்போல் தேய்ந்து, அரிசி அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டைக்கு நேரே இரும்பில் பொட்டுப்போல ஒரு கருகல். வைப்பர் ஓரத்துக்குப் போய்த் திரும்புகிற, விசை கூடுகிற அந்தக் கணத்தில் மட்டும் இரும்பும் இரும்பும் தொட்டிருக்கின்றன. ஃபியூஸ் போயிருந்தது. நான் சொன்னபடிதான் எல்லாம் நடந்திருந்தது.

ஃபியூஸ் காப்பது வயரை. வயர் எரியவில்லை, வண்டி தீப்பிடிக்கவில்லை. அந்த வகையில் என் வேலை சரியாகவே நின்றது. ஆனால் அவர் கேட்டது வயரைப் பற்றியா? மழையில் ஓட்டுகிற ஒருவர் கேட்ட கேள்விக்கு நான் வயரின் பக்கமிருந்து பதில் சொல்லியிருக்கிறேன். பழைய லாரிகள் சிலவற்றில் வைப்பருக்கு, சூடானால் இணைப்பை விட்டு, ஆறியதும் தானே சேர்ந்துகொள்ளும் பிரேக்கர் வைத்திருப்பார்கள். ஓட்டும்போது வைப்பர் ஒரேயடியாக நின்றுவிடக் கூடாது என்பதுதான் அதன் காரணம். அதை வைத்திருந்தால் விட்டுவிட்டாவது ஓடியிருக்கும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. கிராங்க் அதே இடத்தில் தொட்டபடியே நின்றிருந்தால் பிரேக்கரும் சேர்ந்து சேர்ந்து விட்டிருக்குமே தவிர வைப்பர் நகர்ந்திருக்காது என்று மறுநாள் தோன்றுகிறது. இரண்டுமே சரியான கணக்குதான்.

இரண்டாம் முறை மோட்டாரைத் திறந்தேன். ஒரு மாலைப் பொழுதுதான் பிடித்தது. கார்பனின் வயரையும் பார்க் ஸ்விட்ச்சின் எர்த்தையும் தனித்தனியே வெளியே எடுத்தேன். இப்போது கூட்டில் மின்சாரம் இல்லை, அது பாடியில் பட்டாலும் கவலை இல்லை. அவரை உட்கார வைத்து, எது எதைத் தொட்டால் எது நிற்கும் என்று படம் வரைந்து விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா எர்த்தையே மாத்தச் சொல்லியிருப்பேனே, தம்பி” என்றார்.

மாற்றச் சொல்லியிருப்பாரா? அன்று அவர் தலையசைத்து மறுத்த உறுதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாற்றலாம் என்று சொன்னேனே ஒழிய, மாற்றாவிட்டால் மழையில் என்ன ஆகக்கூடும் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்பதும் நினைவிருக்கிறது.