பலாலியிலிருந்து ரொறன்ரோ: 13,700 கிலோமீற்றரும் 34 மணித்தியாலமும்

பூகோள உருண்டையில் யாழ்ப்பாணத்துப் பலாலியில் ஒரு நூல் நுனியை வைத்து, மறு நுனியை ரொறன்ரோ வரை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் அரபிக்கடல் பக்கம் சாயாது, வடக்கே ஏறும். ராஜஸ்தான், ஆப்கானிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யாவின் மூர்மன்ஸ்க் பக்கம், கிரீன்லாந்து என்று சுற்றி கியூபெக் வழியாக இறங்கும். நீளம் ஏறக்குறைய 13,700 கி.மீ. யாழ்ப்பாணம் கிழக்கு 80 பாகையில், ரொறன்ரோ மேற்கு 80 பாகையில் இருப்பதால் வரும் வளைவு இது.

அந்த வழியில் ஒரே பறப்பு கிடையாது. 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமான பலாலிக்கு வந்துபோவது ஏரிஆர் 72 போன்ற சிறிய விமானங்கள்தான். ஆகவே பெரும்பாலானோருக்கு விமானப் பயணம் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்காவில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து டுபாய் வழி 3,290, பிறகு 11,080 கி.மீ. லண்டன் வழி 8,710, பிறகு 5,700. கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் 40 கி.மீ. தான். எனவே தூரத்தைப் பார்த்து வழியைத் தெரிவுசெய்யாதீர்கள், இடைத்தங்கல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். டுபாய் வழியில் நாலரை மணித்தியாலம் பறந்தபின், ஒரே இருப்பில் பதினாலுக்கு மேல். லண்டன் வழியில் பதினொன்று, பிறகு எட்டு. கால் வீங்கும் வயதானவர்களுக்கு இரண்டாவது நல்லது. ஆனால் லண்டனில் விமானம் மாற பிரித்தானிய ட்ரான்சிற் விசா தேவையா என்பது பாஸ்போட்டையும் கையிலுள்ள கனடா விசாவையும் பொறுத்தது. அதை ரிக்கெற் எடுக்க முதலே பார்க்கவேண்டும்.

பலாலியிலிருந்து சென்னை 355 கி.மீ., ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. சென்னை போய் அங்கிருந்து ரொறன்ரோவுக்கு ஏறினால், கட்டுநாயக்கா வரை வான் (வேன்) வண்டியில் அலையத் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டு பறப்பும் தனித்தனி ரிக்கெற் என்றால் சூட்கேஸ் சென்னையில் வெளியே வரும். அதை எடுக்க இந்தியக் குடிவரவைத் தாண்டவேண்டும், அதற்கு விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பெடுக்காது. கனடா ரிக்கெற்றில் 23 கிலோ சூட்கேஸ் இரண்டு அனுமதித்தாலும், சின்ன விமானத்தில் அந்த நிறைக்கு மேலதிகக் காசு கேட்பார்கள். இடையில் ஓர் இரவு வைத்தால் மட்டும் இந்த வழியை எடுக்கலாம்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது திகதியில். ரிக்கெற்றில் '15ஆம் திகதி 02.55' என்றிருந்தால் அது 14ஆம் திகதி நடுச்சாமம் கழிந்த நேரம். 14ஆம் திகதி இரவு பதினொன்றரைக்காவது கட்டுநாயக்காவில் நிற்கவேண்டும். வவுனியா, அநுராதபுரம், புத்தளம் வழி சுமார் 370 கி.மீ. வானுக்கு எட்டு மணித்தியாலம். ரயர் வெடிப்புக்கும் மழைக்குமாக இரண்டு கூட்டுங்கள். 14ஆம் திகதி மதியம் ஒன்றரைக்கு வீட்டுப் படலையைத் தாண்டியிருக்கவேண்டும்.

போய்ச் சேரும் நேரத்தை ரொறன்ரோ மணியில் போடுவார்கள். கோடையில் நாங்கள் ஒன்பதரை மணித்தியாலம் முன்னால், நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து பத்தரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி ஒன்பதரை. காலை பத்துக்குக் கிளம்பி 'அதே நாள் இரவு எட்டு' என்றால் பத்து மணித்தியாலம் இல்லை, கோடையில் பத்தொன்பதரை. திரும்பி வரும்போது மேலைக்காற்று பின்னால் தள்ளும், ரொறன்ரோ–டுபாய் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறையும்.

வான், செக்-இன், இரண்டு பறப்பு, இடைத்தங்கல், குடிவரவு வரிசை எல்லாம் சேர்த்தால் 34 மணித்தியாலம் வரும். கவுண்டரில் சூட்கேஸ் கைபிடியில் ஒட்டும் பட்டியில் கடைசி இடமாக ரொறன்ரோ விமான நிலையத்தின் குறியான 'ஒய் ஒய் இசட்' என்று இருக்கிறதா என்று நின்று பாருங்கள். டுபாயின் குறி மட்டும் இருந்தால், பெட்டி அங்கேயே இறங்கிவிடும்.