அப்பத்தாவின் பணமும் அத்தை மகளின் கல்யாணமும்

தை மாதத்தில் அத்தை மகளுக்குக் காரைக்குடியில் கல்யாணம் பேசி முடித்தபோது, அப்பத்தா பெயரிலுள்ள வைப்புத்தொகையிலிருந்து ஐந்து லட்சம் ரூபாயையும், பெட்டகத்திலுள்ள வைரத் தோட்டையும் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அப்பத்தாவுக்கு நினைவு தப்பி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பெற்ற மகனையே யாரென்று கேட்கிறார். "ஆத்தாவுக்கு நினைவு இருந்தா, அவுகளே எடுத்துக் கொடுத்திருப்பாக" என்றார் அத்தை. அது உண்மைதான் என்றே நானும் நம்புகிறேன். ஆனாலும் கூடாது என்றேன்.

அப்பச்சியிடம், அதாவது என் தந்தையிடம், அப்பத்தா எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் இருக்கிறது. அது போதும் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தோம். ஆனால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. எந்த நாளுக்கு உதவும் என்று எழுதி வைத்தோமோ, அந்த நாளில் அது வெறும் காகிதம். கொடுப்பவர் தாமாக மனமுவந்து கொடுத்தால்தான் தானம் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம். அந்த மனத்தை மகனோ மகளோ இரவல் தர முடியாது.

முன்பு 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ், இத்தகையவரின் சொத்தைப் பராமரிக்க மாவட்ட நீதிமன்றமே ஒருவரை நியமிக்க முடிந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த ஏற்பாடு இல்லாததால், குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கிறது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் கிடந்த ஒருவரின் மனைவியைக் காப்பாளராக நியமித்துச் சொத்தை விற்க அனுமதித்தபோதும், 50 லட்சம் ரூபாயை அந்தக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாக வைக்கச் சொன்னது. சொத்து முதலில் நோயாளிக்கு என்ற அந்த முறைமை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், பிறந்தநாள், திருமணம் போன்ற வழக்கமான நாட்களில், சொத்தின் அளவுக்குத் தகுந்த சிறு அன்பளிப்பை, அதிகாரம் பெற்றவர் நினைவு தப்பியவர் சார்பில் கொடுக்க இடம் தருகிறது. வழக்கம் என்பதற்கு நம் வீடுகளில் எழுத்திலேயே சான்று உண்டு. அப்பத்தாவின் பழைய சிட்டையை, அதாவது கணக்குக் குறிப்பேட்டை, புரட்டினேன். முந்தைய இரண்டு பேத்திகளுக்கும் ஆளுக்கொரு வெள்ளிக் குத்துவிளக்கும் 5,001 ரூபாயும் எழுதியிருக்கிறார். வைரம் ஒருவருக்கும் இல்லை. நம் சட்டத்தில் அத்தகைய சலுகை இல்லாததால், அந்த வழக்கமான அன்பளிப்பையும் அப்பத்தா பணத்திலிருந்து எடுக்கவில்லை. அப்பச்சியும் சித்தப்பாவும் தங்கள் கைப்பணத்தில் விளக்கு வாங்கி, அப்பத்தா பெயரைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அத்தைக்கு வருத்தம் இன்னும் முழுவதும் தீரவில்லை. அவரையும் சேர்த்துக்கொண்டுதான் உயர் நீதிமன்ற மனுவைத் தயாரிக்கிறோம். பார்த்துக்கொள்ளும் பெண்ணின் சம்பளம், மருந்து, வட்டி வரவு அனைத்தையும் ஐந்தொகையாக, வரவு செலவு இருப்புக் கணக்காக, எழுதி, மாதக் கடைசியில் அத்தைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன்.