"எந்த ஊர், தம்பி?"

பாலக்கோட்டில் இருக்கும் என் அக்காவின் மகனுக்கு 29 வயது. ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஏழு ஆண்டுகளாக இயந்திரப் பொறியாளராக வேலை செய்கிறான். ஆஸ்திரேலியாவில் குடியேற விரும்புவதாக அவன் வீட்டில் சொன்ன அன்று, தருமபுரியில் இருந்த என்னை அக்கா தொலைபேசியில் அழைத்து, "ஆஸ்திரேலியாவுல எந்த ஊர், தம்பி?" என்று கேட்டார். அப்போது என்னிடம் பதில் இல்லை. திறன்சார் குடியேற்ற விசா முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது என்பது, அவனுடன் பல இரவுகள் உட்கார்ந்து விதிகளைப் படித்த பிறகே எனக்குப் புரிந்தது.

நம் பக்கத்தில் எல்லாரும் "பி.ஆர்.", அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் வழிகள் மூன்று. வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் போன்றவற்றுக்குத் தரும் புள்ளிகளை வைத்தே மூன்றிலும் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 189 என்னும் விசாவுக்கு எந்த மாநிலத்தின் பரிந்துரையும் தேவையில்லை, ஆனால் போட்டி மிகக் கடுமை. 190 என்பது ஒரு மாநில அரசு பரிந்துரைத்துக் கிடைக்கும் நிரந்தர விசா. அந்தப் பரிந்துரைக்கு 5 புள்ளிகள் உண்டு. 491 என்பது 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, ஐந்து ஆண்டுகளுக்கான தற்காலிக விசா. இதற்கு மாநிலம் பரிந்துரைத்தால் 15 புள்ளிகள் சேரும். பெருநகரங்களுக்கு வெளியே, அரசு "மண்டலப் பகுதி" என்று அறிவித்த இடத்தில் வாழும் நெருங்கிய உறவினரும் 491க்குப் பொறுப்பேற்கலாம், ஆனால் எங்களுக்கு அங்கே அப்படி யாரும் இல்லை. ஆகவே மாநில அரசின் பரிந்துரை, அதாவது எல்லாரும் சொல்லும் "ஸ்டேட் நாமினேஷன்", ஒன்றே எங்களுக்கு வழியாக இருந்தது.

புள்ளிக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தோம். 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி, இளநிலைப் பட்டத்துக்கு 15, வெளிநாட்டில் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரையிலான அனுபவத்துக்கு 10, ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் நான்கு பிரிவுகளிலும் 7 பெற்றதற்கு 10, திருமணம் ஆகாதவர் என்பதற்கு 10. ஆக 75. குறைந்தபட்சத் தகுதி 65 என்றாலும், அந்த அளவோடு நிற்பவருக்கு அழைப்பு வருவது அரிது. 491க்கான 15ஐச் சேர்த்தால் 90 ஆகிறது. சமூக மொழித் தேர்வில் தேறினால் மேலும் 5 புள்ளிகள் கிடைக்கும் என்பதும், அந்தத் தேர்வு நடக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று என்பதும் எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தன. வீட்டில் பேசும் மொழி ஒருவனுக்குத் தகுதியாகக் கணக்கில் ஏறுவதை நான் அதற்கு முன் எங்கும் கண்டதில்லை.

திருமணம் ஆகாததற்கான அந்த 10 புள்ளிகள்தான் வீட்டில் கலக்கத்தை உண்டாக்கின. அக்கா அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்குத் தேவையான அளவு ஆங்கிலம் மட்டும் இருந்தால் 10 என்பது 5 ஆகும். அதுவும் இல்லையென்றால் எதுவும் கிடைக்காது. அந்த ஆங்கிலத்தோடு, அவரும் தகுதியுள்ள தொழிலில் திறன் மதிப்பீடு (தொழில் தகுதியைச் சோதித்து அதற்கான அமைப்பு தரும் சான்று) பெற்றவராக இருந்தால் 10 புள்ளிகள் அப்படியே நிற்கும். பரிந்துரையும் விசாவும் கிடைத்த பிறகு திருமணம் செய்துகொண்டால், மனைவி பின்னர் வந்து சேருவதற்கென்று 491 விசாவிலேயே தனி வழி உண்டு. இதை அக்காவுக்கு விளக்க இரண்டு மாலைகள் ஆயின. விண்ணப்பித்த பிறகு குடும்ப நிலையில் மாற்றம் வந்தால் அதை மறைக்கக் கூடாது, உடனே தெரிவிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

இதற்கெல்லாம் முன்பு, அவன் ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு 80,000 ரூபாய் முன்பணம் கட்டியிருந்தான். "மாநிலப் பரிந்துரை உறுதி" என்று அவர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்தபோது என் மனம் கொதித்தது. பரிந்துரையை உறுதியாகத் தருவதற்கு எந்தத் தரகராலும் முடியாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஜூலை முதல் ஜூன் வரையிலான ஆண்டுக்கு இத்தனை இடங்கள் என்று மத்திய அரசு ஒதுக்குகிறது. தனக்குத் தேவையான தொழில்கள் எவை, யாரை முதலில் அழைப்பது என்பதையெல்லாம் மாநிலமே முடிவு செய்கிறது. விண்ணப்பதாரர் ஸ்கில்செலக்ட் என்னும் அரசுத் தளத்தில் விருப்பத்தைப் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். விக்டோரியா போன்ற மாநிலங்கள் அதற்கு மேலாகத் தனிப் பதிவு ஒன்றையும் கேட்கின்றன. மாநிலம் பரிந்துரைத்து அழைப்பு வந்தால் 60 நாட்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதன் பிறகும் விசாவைத் தருவதா மறுப்பதா என்று தீர்மானிப்பது மத்திய உள்துறையே. இத்தனை படிகளில் ஒன்றையேனும் காசு கொடுத்துக் கடக்க முடியும் என்று சொல்பவரை நம்பக் கூடாது. ஆஸ்திரேலியாவில் குடியேற்ற ஆலோசனை தரும் முகவர்களுக்கு அரசுப் பதிவு எண் உண்டு, அதை யாரும் இணையத்தில் சரிபார்க்கலாம். அந்த நிறுவனத்தில் அப்படி ஒரு எண்ணைக் கேட்டபோது பேச்சை மாற்றினார்கள். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

பொறியாளர்களுக்கான திறன் மதிப்பீட்டுக்கு அவன் தன் பணி அனுபவத்திலிருந்து மூன்று நிகழ்வுகளைத் தானே கட்டுரையாக எழுதித் தர வேண்டியிருந்தது. அதையும் அந்த நிறுவனம் "ரெடிமேடாக" எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தது. நகலெடுத்தது என்று கண்டுபிடித்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். குறிப்பிட்ட காலத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்கவும் முடியாது. அவன் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இரவு ஷிப்ட்டில் ஓர் அச்சு அடிக்கடி உடைந்ததற்கான காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்த கதையைத் தன் வார்த்தைகளில் எழுதினான். நான்கு முறை திருத்தினான். படித்துப் பார்த்தபோது, அவன் என்ன வேலை செய்கிறான் என்பதே எனக்கு அன்றுதான் முழுமையாகத் தெரிந்தது.

இனி, அக்காவின் கேள்வி. 491 விசா பெற்றவர் மண்டலப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில்தான் வசிக்கவும் வேலை செய்யவும் படிக்கவும் வேண்டும். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்கள் நீங்கலாக ஏறக்குறைய நாடு முழுவதும் இந்த வரையறைக்குள் வருகிறது. பெர்த், அடிலெய்டு, கான்பெரா, ஹோபார்ட், டார்வின் எல்லாமே அதில் அடக்கம். இப்படி மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, வருமான வரிக் கணக்குகளையும் காட்டினால், 191 என்னும் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். நிபந்தனையை மீறினால் விசா ரத்தாகக்கூடும்.

"முதல்ல எப்படியாவது உள்ள போயிட்டு, அப்புறம் சிட்னிக்கு மாறிக்கலாம்னு சிலர் சொல்றாங்க, மாமா" என்றான் அவன். அது எனக்கு ஏற்புடையதாக இல்லை. விடியற்காலைப் பேருந்தில் இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்க்கொண்டே இருக்கும் மாவட்டத்தில் பிறந்தவர்கள் நாம். பென்னாகரம், அரூர் பக்கத்து மலைக்கிராமங்களுக்கு வரும் ஆசிரியரும் மருத்துவரும் மாறுதல் எப்போது வரும் என்று நாள் எண்ணுவதைப் பார்த்து வளர்ந்திருக்கிறோம். அவர்கள் போன பிறகு பூட்டிக்கிடந்த அறைகளையும் பார்த்திருக்கிறோம். பெருநகரங்களுக்கு வெளியே இருக்கும் ஊர்களுக்கு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த 15 புள்ளிகள். அதைப் பெற்றுக்கொண்டு அந்த ஊரைக் கைவிடுவது முறையல்ல என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒவ்வொரு மாநிலத்திலும் தன் துறைக்கு எந்த ஊரில் தொழிற்சாலை இருக்கிறது என்று தேடத் தொடங்கினான்.

ஒரு மாதத் தேடலுக்குப் பிறகு தெற்கு ஆஸ்திரேலியாவைத் தேர்ந்தெடுத்தான். மாநிலம் முழுவதுமே மண்டலப் பகுதி என்பதும், வேலை கிடைக்காவிட்டால் ஊர் மாறினாலும் நிபந்தனை மீறாது என்பதும் அதற்குக் காரணங்கள். ஸ்கில்செலக்டில் அவன் செய்த பதிவு இரண்டு ஆண்டுகள் செல்லும். அழைப்பு வரலாம், வராமலும் போகலாம். 33 வயதானால் 5 புள்ளிகள் குறையும் என்பதால் அவனுக்கு அவகாசம் உண்டு, ஆனால் எல்லையற்றதல்ல.

முன்பணம் கட்டிய நாட்களில், மீதித் தொகைக்காகக் கிணற்றடி நிலத்தை விற்க அக்கா ஆள் பார்த்து வைத்திருந்தார். வேண்டாம் என்று நானும் அவனும் சொல்லிவிட்டோம். அரசுக் கட்டணத்தை அவன் தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சேர்த்து வருகிறான். இப்போது அக்காவிடம் ஊரின் பெயரைச் சொல்ல முடிகிறது. "அடிலெய்டு" என்பதை அவர் தமக்கு வந்த விதத்தில் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார். அந்த நிலத்தில் இந்தப் பட்டத்துக்குத் தக்காளி வைத்திருக்கிறார்.